வேள்விதோறும் அழைக்கப்படும் தேவனும் பலருக்கு விடைதரும் வழங்கியும்

ஒருவராகவே இருப்பவர் தம்மை ஒரே வேளையில் அழைக்கும் பலருக்கும் எவ்வாறு முழுமையாகக் கிடைக்க முடியும் என்பது இந்தியத் தத்துவ மரபில் மிகப் பழைய கேள்வி. வேள்வியில் அழைக்கப்படும் இந்திரனுக்கு உடல் உண்டா என்று மீமாஞ்சகரும் வேதாந்திகளும் வாதிட்டபோதும், மனம் ஒரு கணத்தில் எத்தனை பொருள்களை அறியும் என்று நியாய நூலார் ஆராய்ந்தபோதும், சித்தி பெற்ற யோகி பல உடல்களை எடுத்தால் அவற்றை இயக்கும் சித்தம் ஒன்றா பலவா என்று யோக நூலார் கேட்டபோதும் அவர்கள் முன் நின்றது இந்த ஒரே கேள்விதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சமயத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஓரிடத்தில், வலையமைப்பின் வழியே பலருக்கு ஒரே நேரத்தில் விடைதர வேண்டிய நிரல்களை எழுதியோர் முன்னும் அது வந்து நின்றது. அவர்கள் பழைய நூல்களில் விடை தேடியவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வகுத்த வழிகள் அந்நூல்களில் கண்ட வழிகளோடு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன. கேள்வியின் அமைப்பே இயலக்கூடிய விடைகளை ஒரு சிலவாகக் குறுக்கிவிடுவதால் இப்பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ள இயலாது என்பதும், அவ்விடைகளுள் பலரும் முதலில் நினைக்கும் ‘பல உருவம் எடுத்தல்’ ஆழமான விடையாகாது என்பதும் இங்கு நிறுவப்படும்.

பிறருடைய கோரிக்கையைப் பெற்று விடை அனுப்பும் நிரல் வழங்கி எனப்படும். சர்வர் என்பதே பேச்சு வழக்கு. கோரிக்கை அனுப்பும் நிரல் கிளையண்ட். இவ்விரண்டுக்கும் இடையே ஓடும் இணைப்பின் முனை ஒவ்வொன்றையும் சாக்கெட் என்பர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் உருவாகி 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியாகவே சாக்கெட் முறை பரவியது. அதே ஆண்டு மே மாதம் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 862 என்ற சிறு ஆவணம் ‘எக்கோ’ என்னும் சேவையை வரையறுத்தது; வந்த எழுத்துகளை வந்தவாறே திருப்பி அனுப்புவதைத் தவிர அச்சேவைக்கு வேறு வேலை கிடையாது. இதனினும் எளிய வழங்கியைக் கற்பனை செய்வது அரிது என்பதால், கேள்வியை அதன்மேல் வைத்துப் பார்ப்பதே தெளிவு தரும்.

எக்கோ வழங்கி முதலில் ஒரு சாக்கெட்டை உருவாக்கி, அதனை 7 என்ற வாயில் (போர்ட்) எண்ணோடு பிணைத்து, அழைப்புகளைக் கேட்கத் தொடங்குகிறது. அழைப்பு வந்ததும் அதனை ஏற்று, அனுப்பப்பட்டதைப் படித்து, திருப்பி எழுதி, மறுபடியும் படிக்கிறது. ஒரு கிளையண்ட் மட்டும் இருக்கும்வரை இதில் குறையே இல்லை. இரண்டாமவர் வரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. படித்தல் என்ற செயல், படிக்க ஏதும் வராதிருந்தால் வரும்வரை நிரலை உறங்க வைத்துவிடும் இயல்புடையது; எனவே முதலாமவர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாதிருந்தால், வழங்கி அவருடைய மௌனத்தின் முன்னே உறங்கிக் கிடக்கும், அடுத்தவரை ஏறெடுத்தும் பாராது. அடுத்தவரோ தாம் ஏற்கப்பட்டதாகவே நம்புவார். இணைப்பை நிறுவும் மும்முறைக் கைகுலுக்கலை வழங்கி நிரலின் உதவியின்றி இயங்குதளத்தின் உள்மையமாகிய கெர்னலே முடித்துவிடுவதால், கிளையண்டின் பக்கத்தில் ‘இணைப்பு வெற்றி’ என்றே காணும். அவர் அனுப்பும் சொற்களும் கெர்னலின் நினைவகத்தில் பத்திரமாகத் தேங்கும். ஆனால் அவற்றைக் கேட்க இன்னும் ஒருவரும் வரவில்லை. இவ்வாறு காத்திருப்போரின் வரிசைக்கு ஓர் எல்லை உண்டு; தொடக்கக் கால பிஎஸ்டியில் அது 5 மட்டுமே. ஏற்கப்பட்டும் கேட்கப்படாமல் நிற்கும் இந்நிலை, பிரார்த்தனை பற்றிச் சிந்தித்தவர் எவருக்கும் அந்நியமானதன்று.

மீமாஞ்சகர் எழுப்பிய தடை இதுவே. பிரம்மசூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், தேவர்களும் உடலுடையவர்கள், ஆதலால் அவர்களுக்கும் பிரம்ம ஞானத்தில் உரிமை உண்டு என்று வேதாந்தி கூறுகிறார். உடனே ஒரு மறுப்பு எழுகிறது: இந்திரனுக்கு உடல் உண்டென்றால், பல ஊர்களில் பலர் ஒரே காலையில் வேள்வி செய்து அவனை அழைக்கும்போது அவன் எந்த வேள்விக்குச் செல்வான்? ஓரிடத்தில் இருக்கும் உடல் இன்னோரிடத்தில் இராது. அவன் வாராத வேள்விகள் பயனற்றுப் போகும். அப்படியானால் வேள்வியை விதித்த வேதம் பொய்யாகும். இது வெறும் சொல்விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம், ஆனால் வேள்வி செய்தவனுக்கு அது தன் வாழ்நாள் உழைப்பு கேட்கப்பட்டதா என்ற கேள்வி.

மீமாஞ்சக உரையாசிரியராகிய சபரர் தந்த விடை துணிச்சலானது. ஜைமினி சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு உரை எழுதும்போது அவர், தேவதைக்கு உடல் இல்லை, தேவதை அவியை உண்பதில்லை, மகிழ்ந்து வரம் தருவதும் இல்லை என்று நிறுவுகிறார். பயனைத் தருவது வேள்வியாகிய செயலே. தேவதை அச்செயலில் பெயரளவில் இடம்பெறும் ஓர் உறுப்பு. வர வேண்டியவர் எவரும் இல்லாதபோது எங்கு வருவார் என்ற இடர்ப்பாடும் இல்லாமற் போகிறது. வலையமைப்பில் இதற்கு இணையான வழி உண்டு என்பது கவனிக்கத்தக்கது. எக்கோ சேவையை ஆர்எஃப்சி 862 இரண்டு விதமாக வரையறுக்கிறது: டிசிபி என்ற நெறிமுறையில் இணைப்பை நிறுவி உரையாடுவது ஒன்று, யுடிபி என்ற நெறிமுறையில் இணைப்பே இல்லாமல் தனித்தனி மடல்களாகப் பரிமாறுவது மற்றொன்று. யுடிபி முறையில் வழங்கிக்கு ஒரே சாக்கெட் போதும். மடல் வருகிறது, அனுப்பியவரின் முகவரிக்கு அதே மடல் திரும்புகிறது, அத்தோடு உறவு முடிகிறது. ஆயிரம் பேர் அனுப்பினாலும் ஒருவருடைய மௌனத்தில் மற்றவர் சிக்குவதில்லை, ஏனெனில் அங்கு எவருக்காகவும் எவரும் காத்திருப்பதில்லை.

இவ்விடையில் ஒரு விலை மறைந்திருக்கிறது. யுடிபி மடல் சேர்ந்ததா என்பதற்கு உறுதி கிடையாது. முன்னர் அனுப்பியது பின்னர் சேரலாம். நீண்ட உரையாடல் என்ற ஒன்று நெறிமுறையின் அளவில் இல்லவே இல்லை. பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுதிய வேதாந்தி சங்கரர், அவ்வுரையில் சிறிது தள்ளிச் சபரரின் நிலைக்கு எதிராக எழுப்பும் வாதமும் இத்தகையதே: உருவமற்ற பெயரை மனத்தில் ஏற்றித் தியானிக்க இயலாது, ஆகவே அவி இடும்போது தேவதையை நினைக்க வேண்டும் என்ற விதியே பொருளிழக்கும். செயல் மட்டும் போதும் என்போருக்குச் சபரர் போதும். உறவு வேண்டும் என்போர் பலருக்கு ஒருவர் என்ற இடரை நேராக எதிர்கொண்டே ஆகவேண்டும்.

வேதாந்தி அதனை எதிர்கொள்ளும் முதல் வழி பல உருவம் எடுத்தல். பிருகதாரண்யக உபநிடதத்தில் தேவர்கள் எத்தனை பேர் என்று சாகல்யர் கேட்க, 3306 என்று தொடங்கும் யாக்ஞவல்கியர் 33, 6, 3, 2, ஒன்றரை என்று படிப்படியாகக் குறைத்து ஒன்றில் வந்து முடிக்கிறார்; பலவாகத் தோன்றுவோர் ஒன்றின் பெருமைகளே என்ற அந்த உரையாடலைச் சான்றாகக் காட்டி, யோகிகளே பல உடல் எடுக்க வல்லவர்களாயின் பிறப்பிலேயே சித்தியுடைய தேவர்களுக்கு அது அரிதோ என்று சங்கரர் கேட்கிறார். யூனிக்ஸ் நிரலாளரின் முதல் விடையும் இதுவே. ‘ஃபோர்க்’ என்ற கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அந்நிலையிலேயே இரண்டாக்குகிறது. தாய் நிரல் வாயிலில் கேட்டுக்கொண்டே இருக்க, சேய் நிரல் வந்தவரோடு உரையாடச் செல்கிறது. ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு சேய் பிறப்பதால், ஒருவரின் மௌனம் அவருக்கென்று பிறந்த சேயை மட்டுமே உறங்க வைக்கும்.

இவ்வமைப்பில் மேற்போக்காகப் படிப்போர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. வாயிலில் கேட்கும் சாக்கெட் எவரோடும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அழைப்பை ஏற்கும் ஒவ்வொரு முறையும் புதிய சாக்கெட் ஒன்று பிறக்கிறது. உரையாடல் முழுவதும் அதில்தான் நடக்கிறது. எல்லோரும் ஒரே முகவரியையும் ஒரே வாயில் எண்ணையும் அழைத்தாலும் அவர்களுடைய சொற்கள் கலந்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், ஓர் இணைப்பின் அடையாளம் வழங்கியின் முகவரி, அதன் வாயில், கிளையண்டின் முகவரி, அதன் வாயில் என்ற நான்கும் சேர்ந்த ஒன்று என்பதே. அழைக்கப்படுபவர் ஒருவர், ஆனால் ஒவ்வொரு உறவும் அழைப்பவரின் பெயரையும் தன்னுள் கொண்டே உருவாகிறது. பதஞ்சலி யோகசூத்திரத்தின் நான்காம் பாதத்தில், யோகி தன் அஸ்மிதையிலிருந்து, அதாவது ‘நான்’ என்ற உணர்விலிருந்து, பல சித்தங்களை ஆக்குகிறான் என்றும், அவை வெவ்வேறு செயல்களில் ஈடுபட்டாலும் அவற்றை ஏவும் சித்தம் ஒன்றே என்றும் கூறப்படுவது இத்தாய்–சேய் அமைப்புக்கு மிக அருகில் வருகிறது. நியாய மரபிலோ யோகியின் புதிய உடல்களுக்கு மனங்கள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, முத்தி அடைந்தோர் விட்டுச்சென்ற மனங்களை அவன் எடுத்துக்கொள்கிறான் என்றொரு விடையும் உண்டு. ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழைகளை, அவற்றின் வேலை முடிந்ததும் அழித்துவிடாமல் சேமித்து வைத்து அடுத்தவருக்குத் தரும் வழங்கிகள் அந்த விடையைத் தம்மை அறியாமலே பின்பற்றுகின்றன.

பல உருவம் எடுத்தல் முழு விடையாகாமைக்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, உருவங்களுக்கு இடையிலான உறவு. ஃபோர்க் வழியில் பிறந்த சேய்கள் தனித்தனி நினைவகம் உடையவை; ஒன்றின் அனுபவம் மற்றொன்றுக்குத் தெரியாது. அதனைத் தவிர்க்க ஒரே நினைவகத்தைப் பகிரும் இழைகளை அமைத்தால், ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் கணக்கை மற்றொன்று பாதியில் மாற்றிவிடும்; பூட்டுகள் தேவைப்படும்; பூட்டு என்றாலே மறுபடியும் ஒருவருக்காக மற்றவர் காத்திருத்தல்தான். இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. 1983-இன் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குச் செயலி ஒன்றே. நூறு சேய்கள் ஒரே நேரத்தில் உரையாடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அந்த ஒரு செயலி நொடியின் சிறு கூறுகளை அவற்றுக்கு மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்டிருந்தது; 1961-இல் எம்ஐடி-யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறையின் தொடர்ச்சியே அது. பல உடல்களுக்கு அடியில் ஒரே கவனம் ஓடிக்கொண்டிருந்தது என்றால், கேள்வி விடுபடவில்லை, ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

அந்தக் கீழ்ப்படியில் நிற்பவர் நியாய நூலார். அறிவுகள் ஒரே கணத்தில் பலவாகத் தோன்றாமையே மனம் என்ற ஒன்று உண்டு என்பதற்கு அடையாளம் என்பது நியாயசூத்திரம் 1.1.16-இன் கருத்து. கண்ணும் காதும் ஒரே வேளையில் தத்தம் பொருளோடு சேர்ந்திருந்தாலும் ஒன்றை அறியும்போது மற்றதை அறியாமல் போகிறோம்; ஆகவே புலன்களுக்கும் ஆன்மாவுக்கும் இடையே அணுவளவான, ஒரு நேரத்தில் ஒரு புலனோடு மட்டும் சேரக்கூடிய கருவி இருந்தாக வேண்டும் என்பது வாதம். ஒரே வேளையில் காண்கிறோம், கேட்கிறோம், சுவைக்கிறோம் என்று தோன்றுகிறதே என்ற தடைக்கு, கொள்ளிவட்டத்தை எடுத்துக்காட்டுகிறது அதே நூலின் மூன்றாம் அத்தியாயம்: விரைந்து சுழலும் கொள்ளியின் இடைவெளிகள் புலப்படாமையால் வட்டம் போலத் தோன்றுவது போல, மனத்தின் விரைந்த இடப்பெயர்ச்சி உடனிகழ்வாகத் தோன்றுகிறது.

பௌத்தர் இதனை எளிதில் விட்டுவிடவில்லை. எட்டாம் நூற்றாண்டுச் சாந்தரட்சிதர் தம் தத்துவசங்கிரகத்தில், விரைவு ஒன்றே முன்பின்னை உடனிகழ்வாகக் காட்டும் என்றால் ‘லதா’, ‘தால’ போன்ற விரைந்து ஒலிக்கும் எழுத்துகளும் முன்பின் தெரியாமல் ஒன்றாகக் கேட்க வேண்டுமே என்று கேட்கிறார். இது வலுவான மறுப்பு. ஆயினும் வலையமைப்பின் நடைமுறை இங்கு ஒரு வேறுபாட்டைக் காட்டித் தருகிறது. டிசிபி ஓர் இணைப்புக்குள் எழுத்துகளின் வரிசையைக் கண்டிப்பாகக் காக்கும். இரண்டு இணைப்புகளுக்கு இடையே எது முன், எது பின் என்று அது எதுவும் உறுதி சொல்வதில்லை. ஒரே ஓட்டத்துக்குள் முன்பின் என்பது பொருளின் பகுதி, எனவே அது அறியப்படுகிறது. தம்முள் தொடர்பற்ற ஓட்டங்களுக்கு இடையே அது பொருளற்றது, எனவே அது மறைவதில் இழப்பு எதுவும் இல்லை. சாந்தரட்சிதரின் எடுத்துக்காட்டு முதல் வகையைச் சேர்ந்தது, நியாய நூலாரின் கூற்று இரண்டாம் வகைக்கு உரியது என்று கொண்டால் அணுமனக் கொள்கை இம்மறுப்பைத் தாங்கி நிற்கும் எனலாம்.

அணுமனத்தோடு பலருக்கு விடைதரும் வழியும் 4.2 பிஎஸ்டியிலேயே ‘செலக்ட்’ என்ற கட்டளையாக இருந்தது. திறந்திருக்கும் எல்லா இணைப்புகளின் பட்டியலையும் கெர்னலிடம் கொடுத்து, இவற்றுள் எதிலாவது படிக்க ஏதேனும் வந்ததும் எழுப்பு என்று சொல்லிவிட்டு நிரல் உறங்குகிறது. உறக்கம் இங்கும் உண்டு. ஆனால் அது எவர் ஒருவருடைய மௌனத்தின் முன்னும் அன்று, எல்லோருடைய மௌனமும் சேர்ந்தபோது மட்டுமே. ஒருவர் பேசியதும் எழுந்து, அவருக்கு உரியதைச் செய்து, மறுபடியும் எல்லோரையும் நோக்கித் திரும்புகிறது. இணைப்புகள் மிகுந்தபோது ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் ஆராய்வது சுமையாயிற்று. ஒரே வழங்கி பத்தாயிரம் பேரைத் தாங்க வேண்டும் என்ற சவாலை 1999-இல் டான் கெகல் முன்வைத்தார். பேச வந்தோரின் பெயரை மட்டும் அறிவிக்கும் ‘கேகியூ’ 2000-இல் ஃப்ரீபிஎஸ்டியிலும், ‘ஈபோல்’ 2002-இல் லினக்ஸின் உருவாக்கப் பதிப்பிலும் வந்தன. பல்லாயிரம் இணைப்புகளை ஓரிரு இழைகளால் தாங்கும் இன்றைய வழங்கிகள் இவற்றின் மேல் நிற்பவை.

இந்த இடத்தில்தான் சங்கரர் தம் உரையில் ‘அல்லது’ என்று சேர்க்கும் இரண்டாம் விளக்கத்தின் ஆழம் விளங்குகிறது. உருவம் பெருக்கும் முதல் விளக்கத்தின் பொலிவில் அது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. ஓர் அந்தணருக்குப் பலர் ஒரே நேரத்தில் உணவு ஊட்ட இயலாது. ஆனால் பலர் ஒரே நேரத்தில் அவரை வணங்க இயலும். உடல் ஒன்றாகவே இருக்கிறது, ஓரிடத்திலேயே இருக்கிறது. மாறுவது அதனிடம் வேண்டப்படும் செயலின் இயல்பு. வேள்வி என்பது தேவதையை நோக்கித் தன் பொருளை விட்டுக்கொடுத்தலே என்பதால், வணக்கத்தைப் போலவே அதனையும் பலர் ஒரே வேளையில் ஒருவரை நோக்கிச் செய்யலாம் என்பது அவர் முடிவு. ஒருவர் பலருக்குக் கிடைப்பாரா என்ற கேள்வியை எண்ணிக்கையிலிருந்து செயலின் இயல்புக்கு மாற்றியதே இவ்விளக்கத்தின் பெருமை. எதனைச் செய்யும்போது முழுக் கவனமும் பிணைக்கப்படுகிறது, எதனைச் செய்யும்போது அது பிணைக்கப்படுவதில்லை என்று பிரித்தறிவதே செலக்ட் வழியின் அடிப்படையும் ஆகும். காத்திருத்தல் எத்தனை பேருக்காகவும் ஒன்றாகச் செய்யக்கூடியது. கணக்கிடுதல் ஒரு வேளையில் ஒருவருக்கே செய்யக்கூடியது. எளிய வழங்கி தோற்றதற்குக் காரணம் அது ஒன்றாக இருந்தமை அன்று, காத்திருத்தலையும் ஊட்டுதலைப் போல ஒருவருக்கே உரியதாக ஆக்கிக்கொண்டமையே.

ஆயினும் சங்கரரின் விளக்கம் தனியே போதாது. வணங்கிச் செல்வோரை மறந்துவிடலாம். உரையாடுவோரை மறக்க இயலாது. டிசிபியில் செய்திகளுக்கு எல்லை கிடையாது. எழுத்துகள் ஓட்டமாக வரும். ஒருவருடைய கோரிக்கை பாதி வந்து நிற்கும்போது அடுத்தவரிடம் திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பாதியை அவர் பெயரில் தனியே எழுதி வைத்து, மீதி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தமிழ்நாட்டில் அவதானக் கலையில் தேர்ந்தோர் செய்துகாட்டியது இதுவே. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) போன்றோர், ஒருவர் தந்த ஈற்றடிக்கு வெண்பா அமைத்துக்கொண்டே, முதுகில் எறியப்படும் கற்களை எண்ணிக்கொண்டே, இன்னொருவரின் கணக்குக்கு விடை தேடியபோது, அவர்களுடைய கவனம் நூறாகப் பிளந்தது என்று கொள்ளத் தேவையில்லை. நூறு உரையாடல்களின் நிலைகளும் ஒன்றோடொன்று கலவாமல் நினைவில் நின்றன, அணுவான கவனம் அவற்றிடையே சென்று வந்தது. பன்மை கவனத்தில் இல்லை, நினைவில் இருக்கிறது. நியாயமும் வேதாந்தமும் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்புவது இதுவென்றே தோன்றுகிறது.

எஞ்சியிருப்பது நீதி பற்றிய கேள்வி. செலக்ட் வழியில் ஒருவருக்காக நீண்ட கணக்கு ஒன்றில் வழங்கி இறங்கிவிட்டால், அது முடியும்வரை மற்ற அனைவரும் ஏற்கப்பட்டும் கேட்கப்படாதவர்களாக நிற்பர். எனவே நீண்ட கணக்கைத் துண்டுகளாக்கி இடையிடையே எல்லோரையும் நோக்கித் திரும்புவது வழங்கி எழுதுவோரின் கடமை ஆகிறது. ஒருவருக்கு அளிக்கும் கவனம் மற்றவரிடமிருந்து எடுக்கப்படுவது என்ற நிலையில், தாராளமாகத் தருதலும் அநீதியாகக்கூடும். இதனினும் கடினமானது மௌனமானவர் பற்றியது. நினைவகமும் திறந்து வைக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கையும் எல்லைக்குட்பட்டவை. பேசாமல் இருப்போரும் அவற்றில் இடம் கொள்கிறார்கள். 2009-இல் வெளியான ‘ஸ்லோலோரிஸ்’ என்ற தாக்குதல் கருவி, கோரிக்கையைச் சிறிது சிறிதாக அனுப்பி ஒருபோதும் முடிக்காமல் வைத்திருப்பதாலேயே, இணைப்புக்கு ஓர் இழையை ஒதுக்கும் வழங்கிகளை முடக்க வல்லதாயிருந்தது. எனவே இத்தனை நொடிகளுக்குள் பேசாதவரின் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற காலவரம்பைப் பெரும்பாலான வழங்கிகள் வைத்துக்கொள்கின்றன. தேவர்களுக்கு எல்லையற்ற ஐசுவரியத்தைக் கொடுத்த நூல்களில் இக்கேள்வி எழ இடமில்லை. எல்லையுடைய வழங்கிக்கு இது தவிர்க்க முடியாதது. அவ்வரம்பு எத்தனை நொடியாக இருக்க வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லாது. பலவீனமான அலைவரிசையில் ஒரு படிவத்தை அனுப்ப முயல்பவருக்கு அறுபது நொடி போதாமற் போகலாம், அழிக்க வந்தவனுக்கு அது மிகுதியாகலாம். இருவரும் ஒரே விதமாக மௌனமாக இருப்பதால், வழங்கியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவர்களைப் பிரித்தறிய வழியில்லை, வரம்பை எழுதுபவர் இருவருக்கும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.